பூவா தலையா சொல்லும் உண்மை

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி, பேரனோடு தோட்ட வாழ்க்கை பற்றிய கண்காட்சிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குள் பால் மங்கும் உளியும் இருக்கின்றன. பாட்டிக்குப் பேச்சு ஓயவில்லை: விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, மழை பெய்தால் வீணாகும் பால், லயத்து வாசலில் விளையாட்டு. அடுத்த பலகையில் ‘சயாம் மரண ரயில்’ என்று எழுதியிருக்கிறது. பேச்சு நின்றுவிடுகிறது.

1942–43இல் ஜப்பானியர் சயாம் என்ற தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதற்காக மலாயாவிலிருந்து 70,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். காலராவிலும் பசியிலும் மடிந்த நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. வீடுகளில் தங்கிய நினைவுதான் அவர்களுக்கு ஆவணம். அதனால்தான் பார்க்க வருபவர்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாக் கேள்வியையும் நேராகக் கேட்டுவிட முடியாது. வெள்ளைத் துரைமார் ஓடிப்போன தோட்டங்களில், ஆள் கேட்டு வந்த ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கணக்கெழுதும் கிராணிமாரும் ஆட்களை மேய்க்கும் கங்காணிமாரும்தான். “உங்கள் குடும்பத்தில் யாராவது ஆள் கணக்கு எழுதிக் கொடுத்தார்களா?” என்று கேட்டால் யார் வாய் திறப்பார்? செத்துப்போன தாத்தாவின் மானத்தைக் காப்பாற்ற ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். அது மனித இயல்பு.

இந்த முடிச்சை அவிழ்க்க ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் 1965இல் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பயன்படுத்தியது சுழலும் முள். பின்னால் வந்த எளிய வடிவத்துக்கு ஒரு காசு போதும். மலேசியக் காசின் ஒரு பக்கத்தில் செம்பருத்திப் பூ இருக்கிறது. காசைச் சுண்டி, யாருக்கும் காட்டாமல் பாருங்கள். பூ விழுந்தால், உண்மை எதுவானாலும் ‘ஆம்’ என்று சொல்லுங்கள். மறுபக்கம் விழுந்தால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். ‘ஆம்’ என்றவரைப் பார்த்து யாரும் விரல் நீட்ட முடியாது. அது பூ சொன்ன ‘ஆம்’ஆ, குடும்பத்தின் ‘ஆம்’ஆ என்று அவருக்கு மட்டுமே தெரியும்.

அப்படியானால் ஆய்வாளருக்கு என்ன கிடைக்கும்? 1,000 பேரிடம் கேட்டு, 600 பேர் ‘ஆம்’ என்றார்கள் என்று வையுங்கள். பாதிப் பேருக்கு, அதாவது சுமார் 500 பேருக்குப் பூ விழுந்திருக்கும். அவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் 100. உள்ளதைச் சொன்ன மீதி 500 பேரில் 100 பேர் என்றால், ஐந்தில் ஒருவர்! ஒருவரின் ரகசியம்கூட வெளியே வரவில்லை. ஆனாலும் கூட்டத்தின் உண்மை வந்துவிட்டது.

இதற்கு விலை உண்டு. 100 பேரிடம் மட்டும் கேட்டால் பூ 40 தடவையும் விழலாம், 60 தடவையும் விழலாம். அந்த ஆட்டத்தில் கணக்கே குலைந்துவிடும். அதனால் நிறையப் பேரிடம், பொறுமையாகக் கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்பவரை அப்படியே விட்டுவிட வேண்டும். கண் கலங்கியவருக்கு நாற்காலி போட வேண்டும், அடுத்த கேள்வியைப் போடக் கூடாது.

ஐந்தில் ஒருவர் என்று தெரிந்தால் பலகையின் வாசகமும் மாற வேண்டும். கொண்டுபோகப்பட்டவர்களின் துயரத்தோடு, துப்பாக்கி முனையில் பெயர் எழுதிய கையின் நடுக்கத்துக்கும் அங்கே ஒரு வரி வேண்டும். தாத்தாவைத் தீர்ப்புச் சொல்லாமல் நினைக்க அந்த ஒரு வரி பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.

பாட்டி காசைச் சுண்டுகிறார். உள்ளங்கையில் பொத்திப் பார்க்கிறார். “ஆமா” என்கிறார். பூவா, தலையா? கேட்டவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் பேரனுக்கும் தெரியாது. எண்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒரு சொல்லை, பயமில்லாமல் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.