முப்பது டன் பெட்டியைத் தாங்குவது எண்ணெய்!

வல்லார்பாடம் என்றால் ஒரு காலத்தில் மாதா கோவில்தான் நினைவுக்கு வரும். எர்ணாகுளத்தில் படகு ஏறித்தான் அந்தத் தீவுக்குப் போக வேண்டும். 2004-ம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. 2011-ம் ஆண்டு பிப்ரவரியில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. திருப்பூர் பனியனும் கோவைச் சரக்கும் இன்று இந்த வழியாகவும் கப்பல் ஏறுகின்றன. லாரி ஓட்டி வருகிறவர்களிலும், சரக்குக் கணக்கு எழுதுகிறவர்களிலும் தமிழர்கள் உண்டு.

இவர்கள் தினமும் கேட்கும் ஒரு வார்த்தை "ஹைட்ராலிக்". வண்டி நின்றுபோனால், "ஹைட்ராலிக் போச்சு" என்பார் ஓட்டுநர். குமாஸ்தாவும் அதையே நோட்டில் எழுதிக்கொள்வார். போனது எது, எப்படிப் போனது என்று கேட்டால் பதில் வருவது அபூர்வம்.

அதைத் தெரிந்துகொள்ள முனையத்துக்குள் போக வேண்டியதில்லை. லாரியில் கிடக்கும் ஜாக்கியே போதும்.

ஜாக்கியின் கணக்கு

ஜாக்கிக்குள் இரண்டு உருளைகள் உள்ளன. ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டையும் எண்ணெய் இணைக்கிறது. சிறிய பிஸ்டனின் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியை அமுக்கும்போது அதன்மேல் 100 கிலோ பளு விழுகிறது. அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 50 கிலோ. இதுதான் அழுத்தம், பட்டறையில் "பிரஷர்", மலையாளத்தில் "மர்த்தம்".

மூடிய எண்ணெயில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். பிரான்சு தேசத்துப் பாஸ்கல் 17-ம் நூற்றாண்டிலேயே சொன்ன விதி இது. ஆகவே பெரிய பிஸ்டனிலும் சதுர சென்டிமீட்டருக்கு அதே 50 கிலோதான். ஆனால் அதன் பரப்பு 40 சதுர சென்டிமீட்டராக இருந்தால், மொத்தம் 2,000 கிலோ. நூறு கிலோ இரண்டு டன் ஆகிவிட்டது!

இனாமாக அல்ல. சிறிய பிஸ்டன் 2 சென்டிமீட்டர் இறங்கினால், பெரியது ஏறுவது ஒரே ஒரு மில்லிமீட்டர். லாரிச் சக்கரத்தைப் பத்து சென்டிமீட்டர் தூக்க நூறு முறை அடிக்க வேண்டும். பளுவில் கிடைத்த லாபத்தைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம். கடப்பாரையால் பாறையை நெம்புகிறவருக்கு இந்த வியாபாரம் புதிதல்ல.

இந்த விதியைக் கொண்டு ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-ல் ஓர் அழுத்தும் யந்திரத்துக்கு உரிமை பெற்றார். பள்ளிப் பாடத்தில் "பிராமா அழுத்தி" என்று படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1846-ல் நியூகாஸில் துறையில் தண்ணீர் அழுத்தத்தால் இயங்கும் கிரேனை நிறுத்தினார். லண்டன் நகரத் தெருக்களுக்கு அடியில் குழாய் போட்டு, மின்சாரம் விற்பதுபோல் அழுத்தத் தண்ணீரை விற்ற கம்பெனி ஒன்று 1977 வரை நடந்தது. பிறகு தண்ணீரின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. துரு பிடிக்காது, தேய்மானமும் குறைவு.

முனையத்தில் எது ஹைட்ராலிக்?

கப்பல் ஓரத்தில் வானளாவி நிற்கும் கிரேன்கள் ஹைட்ராலிக் என்றே பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெட்டியை மேலே இழுப்பது மின் மோட்டாரும் இரும்புக் கம்பி வடமும்தான். ஆனால் பெட்டியைக் கவ்வும் சட்டம் இருக்கிறதே, "ஸ்பிரெடர்", அது பெரும்பாலும் ஹைட்ராலிக். இருபது அடிப் பெட்டிக்கும் நாற்பது அடிப் பெட்டிக்கும் தக்கபடி நீண்டு சுருங்குவதும், நான்கு மூலைப் பூட்டுகளைத் திருப்புவதும் எண்ணெயின் வேலை.

முழுக்க எண்ணெயை நம்பித் தூக்குவது ரீச் ஸ்டாக்கர். நீண்ட கையை நீட்டி, பெட்டிமேல் பெட்டி அடுக்கும் வண்டி. சரக்கோடு ஒரு பெட்டி 30 டன் வரை வரும். இந்தக் கையைத் தூக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால், பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோ என்றால், அந்த ஒரு சிலிண்டர் தள்ளுவது 78 டன்னுக்கும் மேல். முப்பது டன்னுக்கு எதற்கு இவ்வளவு? சிலிண்டர் பிடித்திருப்பது கையின் அடிப்பக்கத்தை. பெட்டி தொங்குவது நுனியில். நெம்புகோல் இங்கே தலைகீழ். பளுவைக் கொடுத்துத் தூரத்தை வாங்குகிறார்கள். வண்டி முன்பக்கம் கவிழாமலிருக்கப் பின்னால் பெரும் இரும்புப் பளு உண்டு. கொச்சிக் கோட்டைக் கரையில் சீன வலைக்குப் பின்னால் கல் தொங்குவதும், நம் ஊர் ஏற்றத்தில் பின்பளு கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பம்ப் கொடுப்பது எது?

யந்திரத்தின் எண்ணெய்ப் பாதை எளிது. தொட்டியிலிருந்து பம்ப் எண்ணெயை எடுத்துத் தள்ளுகிறது. கன்ட்ரோல் வால்வு அதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. சிலிண்டரில் பிஸ்டன் நகர்கிறது. மறுபக்கத்து எண்ணெய் ஃபில்டர் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. இருபுறமும் எண்ணெய் புகுந்து தள்ளினால் இரட்டைச் செயல் சிலிண்டர். ஒரு பக்கம் மட்டும் தள்ளி, தன் பளுவாலேயே இறங்கினால் ஒற்றைச் செயல். டிப்பர் லாரியில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

இதில் அனுபவசாலிகளே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "பம்ப் பிரஷர் கொடுக்கவில்லை" என்பார்கள். பம்ப் அழுத்தத்தைக் கொடுப்பதில்லை. எண்ணெய் ஓட்டத்தைத்தான் கொடுக்கிறது. அழுத்தத்தை உண்டாக்குவது பளு. வெறுங்கையைத் தூக்கும்போது அழுத்தம் குறைவு. பெட்டி மாட்டியதும் அது ஏறுகிறது. தூக்க முடியாத பளுவை மாட்டினால் ஏறிக்கொண்டே போய் எதையாவது உடைக்கும். அப்படி ஆகாமல் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடுவது ரிலீஃப் வால்வு. வேகமாகத் தூக்கவில்லை என்றால் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பளுவோடு தூக்க முடியவில்லை என்றால் ரிலீஃப் வால்வையும் உள் கசிவையும் பார்க்க வேண்டும். இது தெரியாமல் நல்ல பம்பைக் கழற்றிப் போட்டு, புதிய பம்புக்கு பில் எழுதும் பட்டறைகளும் இருக்கின்றன.

இன்னொரு தவறு அதைவிட ஆபத்தானது. ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கினால் பலம் கூடும் என்று சிலர் இறுக்கிவிடுகிறார்கள். கூடுவது ஓஸ் வெடிக்கும் வாய்ப்பு.

கடற்காற்றும் சேர்ந்து கெடுக்கிறது. பிஸ்டன் தண்டின் பளபளப்பான குரோமியப் பூச்சில் உப்பு அரித்தால் குழி விழும். குழி விழுந்த தண்டு ஆயில் சீலைக் கிழிக்கும். கிழிந்த சீல் எண்ணெயை வெளியே விடும். தூசியையும் ஈரத்தையும் உள்ளே விடும். ஹைட்ராலிக் கோளாறுகளில் பெரும்பாலானவை அசுத்த எண்ணெயால் வருபவைதான்.

அடியில் நிற்காதீர்கள்

தூக்கி நிறுத்திய டிப்பர் தொட்டியைத் தாங்குவது இரும்புச் சிலிண்டர் என்று கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் தாங்குவது அதற்குள் அடைபட்ட எண்ணெய். எண்ணெய் வெளியேறினால் தொட்டி இறங்கும். நல்ல யந்திரங்களில், ஓஸ் வெடித்தாலும் எண்ணெயைச் சிலிண்டருக்குள்ளேயே பிடித்து வைக்கும் வால்வு உண்டு. எல்லா வண்டியிலும் அது இருக்கும் என்று நம்ப முடியாது. முட்டுக்கட்டை கொடுக்காமல் தொட்டிக்கு அடியில் புகுந்து கிரீஸ் போடுகிற கிளீனர், ஒரு ரப்பர் சீலை நம்பித் தலையைக் கொடுக்கிறார். ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் படுப்பதும் அப்படியே. ஸ்டாண்ட் வைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

என்ஜினை நிறுத்திவிட்டால் அழுத்தம் போய்விடும் என்பதும் தவறு. பளு தொங்கும்வரை அழுத்தம் இருக்கும். பளுவைத் தரையில் இறக்கி, லீவரை இருபக்கமும் ஆட்டிவிட்டுத்தான் ஓஸைக் கழற்ற வேண்டும்.

ஓஸில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்ப்பது நம்மவர்களின் பழக்கம். ஊசித்துளை வழியாகப் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஒரு சிறு புள்ளிதான். வலிகூட முதலில் அதிகம் இராது. உள்ளே எண்ணெய் சதையை அழித்துக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து எடுக்காவிட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டினால் போதும். எண்ணெய் அதில் அடையாளம் போடும்.

அப்படி யாருக்காவது பட்டுவிட்டால், களிம்பு தடவிவிட்டு ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புள்ளிக் காயத்தைப் பார்த்து ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். ஆகவே கொச்சி டாக்டரிடம், "கையுடெ அகத்து ஹைட்ராலிக் ஓயில் கயறி" என்று மலையாளத்திலேயே சொல்லிவிட வேண்டும். எந்த எண்ணெய் என்று தெரிய, டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.