நிறைமாதக் குழந்தைக்கு ஏன் மூச்சுத் திணறல்?

குறைமாதக் குழந்தை மூச்சுக்குத் தவித்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்ததுதான். நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் படலம் போதிய அளவு சுரந்திருக்காது. 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் இதைக் கண்டறிந்தார்கள். இன்று அதையே மருந்தாக மூச்சுக்குழாயில் செலுத்துகிறார்கள்.

நிறைமாதக் குழந்தை அப்படித் தவித்தால்? மருந்தின் பலனும் சிறிது நேரத்தில் மறைந்துபோனால்? கோளாறு மரபணுவில் இருக்கலாம். அத்தகைய குழந்தைகளிடம் சர்ஃபாக்டன்ட் புரதம் பி இல்லை என்பதை 1993-இல் லாரன்ஸ் நோகி குழுவினர் காட்டினார்கள். 2001-இல் புரதம் சி, 2004-இல் ஏபிசிஏ3 மரபணுக்களின் பிழைகளும் தெரியவந்தன.

பரிசோதனைக்குச் சிறிதளவு ரத்தம் போதும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். புரதம் பி மரபணுவில் மிகுதியாகக் காணப்பட்ட பிழையில், 'சி' இருக்கவேண்டிய இடத்தில் 'ஜிஏஏ' என்று மூன்றெழுத்து இருக்கும். கூடுதலான இரண்டு எழுத்துகளால் அதன்பின் வரும் குறியீடு முழுவதும் இடம் பிசகி, புரதமே உருவாகாது. ஆனால் இந்தப் பிழை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்பட்டது. அதை மட்டும் தேடிவிட்டு நம் குழந்தைக்கு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட முடியாது. மரபணுக்களை முழுமையாக வாசிக்கவேண்டும். ஏபிசிஏ3-இல் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் உண்டு. சிலவற்றின் விளைவு தெளிவாகாது. அப்போது பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதித்து ஒப்பிடுவது உதவும்.

புரதம் பி அறவே இல்லாத குழந்தைக்கு நுரையீரல் மாற்று அறுவைசிகிச்சை தவிர வழியில்லை. பெரும்பாலும் சில மாதங்களுக்குள் இறந்துவிடுகிறது. பிறகு எதற்குப் பரிசோதனை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தாய் மறுபடி கருவுறும்போது என்ன ஆகும் என்பதற்கு வேறெதுவும் பதில் தராது என்பதே என் பதில். புரதம் பி, ஏபிசிஏ3 கோளாறுகளில் பெற்றோர் இருவருமே பிழையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பிழை இருக்க வாய்ப்பு அதிகம். புரதம் சி அப்படியல்ல. ஒரு பிரதியில் பிழை இருந்தாலே நோய் வரலாம், அதுவும் பலசமயம் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியதாக இருக்கும்.

நிறைமாதத்தில் பிறந்தும் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தை பிழைக்காது என்ற நிலை வந்தாலும், டிஎன்ஏவுக்காக ரத்தத்தை எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கருவுக்கு முன் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.