'ஸ்னோ கிராஷ்' புதினத்தில் சுமேரிய மொழியும் தொன்மமும்

ஆய்வுச் சுருக்கம்

நீல் ஸ்டீபன்சன் எழுதி 1992இல் வெளிவந்த 'ஸ்னோ கிராஷ்' என்னும் ஆங்கிலப் புதினம், சுமேரியத் தொன்மங்களைக் கணினி நிரலாகவும் நச்சுநிரலாகவும் மறுவாசிப்புச் செய்கிறது. அப்புதினம் கையாளும் 'மெ', 'நம்-ஷுப்' ஆகிய இரு கருத்தாக்கங்களைச் சுமேரிய இலக்கியச் சான்றுகளோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பொருள்கோள் இன்னும் முடிவுறாத ஒரு சுமேரியப் பகுதியின் ஒருபக்க வாசிப்பின்மீதே புதினத்தின் கதைக்கட்டு நிற்கிறது. மொழி தொற்றாகப் பரவுகிறது என்னும் அதன் உருவகத்துக்கு மாறாக, பேச்சில் மறைந்த சுமேரியம் கல்வியாலேயே நிலைபெற்றது. இவ்விரு கருத்துகளும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சைபர்பங்க், சுமேரியம், தொன்மம், மெ, நம்-ஷுப், மூலமொழி

முன்னுரை

சைபர்பங்க் என்பது 1980களில் அமெரிக்க அறிவியல் புனைவில் உருப்பெற்ற வகைமை. புரூஸ் பெத்கே 1983இல் வெளியிட்ட சிறுகதையின் தலைப்பே இவ்வகைமைக்குப் பெயராயிற்று. வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) இதன் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. உயர் தொழில்நுட்பம், சிதைந்த சமூக வாழ்வு, அரசை விஞ்சிய வணிக நிறுவனங்கள், கணினி வலையமைப்புக்குள் ஊடுருவும் தனிமனிதர் ஆகியன இப்புதினங்களின் பொதுக்கூறுகள்.

எதிர்காலத்தைப் பேசும் இவ்வகைமை தொன்மத்தை ஒதுக்கவில்லை. கிப்சனின் 'கவுன்ட் ஜீரோ' (1986) ஹெய்தி நாட்டு வூடூ தெய்வங்களைக் கணினிவெளிக்குள் கொண்டுவந்தது. ஸ்டீபன்சன் இதனினும் மேற்சென்று, தம் புதினத்தின் மையச் சிக்கலையே சுமேரிய மொழியின்மீதும் தொன்மத்தின்மீதும் அமைத்தார். அவர் சுமேரியச் சான்றுகளுள் எவற்றை எடுத்தார், எவற்றை விடுத்தார், அத்தேர்வு மொழி பற்றிய எத்தகைய கருத்தை உருவாக்குகிறது என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

புதினத்தின் கதைக்கட்டு

'மெட்டாவர்ஸ்' என்னும் சொல்லை உலகுக்குத் தந்த புதினம் 'ஸ்னோ கிராஷ்'. அதன் தலைவன் ஹிரோ ஒரு கணினி நிரலாளன். மெய்நிகர் உலகில் காட்டப்படும் ஒரு படிமம், அதனைக் காணும் நிரலாளரின் மூளையையே செயலிழக்கச் செய்கிறது. மெய்யுலகில் அதே நோய் போதைப்பொருளாகவும் குருதிவழித் தொற்றாகவும் பரவுகிறது. பீடிக்கப்பட்டோர் பொருள் விளங்காத ஒலித்தொடர்களைப் பிதற்றுகின்றனர். தகவல்தொடர்புத் துறைப் பெருமுதலாளியான எல். பாப் ரைஃப் இந்நோயைக் கருவியாக்கி மக்களை ஆள முயல்கிறான்.

இதன் வேரை ஹிரோவுக்கு விளக்குவது 'நூலகர்' என்னும் கணினி நிரல். சுமேரியம் மூளையின் அடித்தளக் கட்டமைப்போடு நேரடியாகப் பேசிய மொழி என்றும், அதனைப் பேசியோரைச் சொல்லாலேயே இயக்க இயன்றது என்றும், என்கி என்னும் தெய்வம் இயற்றிய மந்திரமொழி அம்மொழியை மக்கள் மனத்தினின்று அகற்றி அவர்களை விடுவித்தது என்றும் அவ்விளக்கம் விரிகிறது. பாபேல் கோபுரக் கதை அந்நிகழ்வின் நினைவாகக் கொள்ளப்படுகிறது. கதையின் உச்சத்தில் அம்மந்திரமொழி மீண்டும் ஒலிக்க, அடிமைப்பட்ட மக்கள் விடுபடுகின்றனர்.

நூலகர் தம் செய்திகளுக்குச் சாமுவேல் நோவா கிரேமர் முதலிய சுமேரியவியல் அறிஞர்களை மேற்கோளாகச் சுட்டுவது கருதத்தக்கது. புனைவு இங்கு ஆய்வுரையின் நடையை மேற்கொள்கிறது. அதனால் கருதுகோள் எது, கற்பனை எது என்னும் எல்லை வாசகருக்குப் புலப்படாமற் போகிறது.

'மெ': நிரலா, நெறியா?

சுமேரிய இலக்கியத்தில் 'மெ' என்பது நாகரிக வாழ்வைத் தாங்கும் தெய்வ ஆற்றல்களையும் நெறிகளையும் குறிக்கும் சொல். 'இனான்னாவும் என்கியும்' என்னும் பாடலில், எரிது நகரில் மதுவுண்டு மயங்கிய என்கியிடமிருந்து இனான்னா 'மெ'க்களைப் பெற்று, வானப்படகில் ஏற்றித் தன் நகரான உருக்குக்குக் கொண்டுசெல்கிறாள். மயக்கம் தெளிந்த என்கி அவற்றை மீட்க ஏவலரை அனுப்பியும் பயனில்லை.

ஸ்டீபன்சன் 'மெ'யை ஒரு செயலைப் பிழையின்றி ஆற்றுவதற்கான படிநிலைக் கட்டளைத் தொகுதியாக, அதாவது நிரலாக, வாசிக்கிறார். பாடலின் பட்டியலில் இடம்பெறும் தச்சு, கொல்லுத்தொழில், தோல்வினை, எழுத்துக்கலை போன்றவற்றுக்கு இவ்வாசிப்பு பொருந்துகிறது. கைத்தொழில் என்பது கற்றுச் செய்யத்தக்க வரிசைமுறை ஆதலின் ஒப்புமை இயல்பாக அமைகிறது. ஆயின் அதே பட்டியலில் அரசுரிமை, வாய்மை, வஞ்சகம், புலம்பல், மகிழ்ச்சி, நகரழிப்பு ஆகியனவும் உள்ளன. இவை செய்முறைகள் அல்ல; பதவிகளும் பண்புகளும் நிலைமைகளுமாம். நன்மையும் தீமையும் ஒருசேர நாகரிகத்தின் கூறுகளே என்னும் சுமேரியரின் நோக்கு இப்பட்டியலில் வெளிப்படுகிறது. நிரல் என்னும் உருவகத்துள் இந்நோக்கு அடங்கவில்லை.

'நம்-ஷுப்': இரு வாசிப்புகள்

'நம்-ஷுப்' என்பது மந்திரமொழியைக் குறிக்கும் சுமேரியச் சொல். புதினம் எடுத்தாளும் பகுதி 'என்மெர்கரும் அரட்டாவின் தலைவனும்' என்னும் கதைப்பாடலில் உள்ளது. உருக் மன்னன் என்மெர்கர், பொன்னும் வெள்ளியும் நீலக்கல்லும் வேண்டி அரட்டாவுக்குத் தூதனை அனுப்புகிறான். அரட்டாவின் தலைவனைப் பணியச் செய்யத் தூதன் ஓதவேண்டிய உரைகளுள் ஒன்றே என்கியின் மந்திரமொழி.

அச்சமற்ற ஓர் உலகில் மக்கள் அனைவரும் ஒரே மொழியில் என்லில் தெய்வத்தை விளித்தலும், மக்கள் வாயிலுள்ள மொழியை என்கி மாற்றுதலும் இப்பகுதியின் பொருள். கிரேமர் 1968இல் எழுதிய கட்டுரையில் இதனைப் பாபேல் கதையின் சுமேரிய வடிவமாகக் கண்டார். முன்பு ஒன்றாயிருந்த மொழியை என்கி பலவாக்கினான் என்பது அவர் கொள்கை. பின்வந்த பெண்ட் ஆல்ஸ்டர், வான்ஸ்டிப்ஹவுட் முதலியோர் இதனை எதிர்காலம் பற்றிய கூற்றாகக் கொண்டனர். அதன்படி, பலவாயுள்ள மொழிகளை என்கி ஒன்றாக்குவான் என்பதே பொருளாகிறது. வினைவடிவத்தின் காலத்தை எவ்வாறு கொள்வது என்பதைப் பொறுத்து, ஒரே பகுதி ஒன்றுக்கொன்று முற்றிலும் எதிரான இரு பொருள்களைத் தருகிறது.

புதினம் கிரேமரின் வாசிப்பைத் தேர்ந்து, மொழிப் பன்மையை விடுதலை எனவும் மொழி ஒருமையை அடிமைத்தனம் எனவும் மதிப்பிடுகிறது. பாடலின் சூழலோ வேறு. அங்கு மந்திரமொழி எவரையும் விடுவிக்க ஓதப்படுவதன்று. அயல்நாட்டைப் பணிவிக்கும் தூதின் பகுதி. எதிர்கால வாசிப்பை ஏற்பின், மொழி ஒருமை என்பது உருக்கின் மேலாண்மைக்கு அரணாகும் கனவாகிறது. ஆதிக்கத்துக்கு ஏவிய சொல்லைப் புதினம் விடுதலைச் சொல்லாகத் திருப்பிவிட்டது.

மூலமொழி என்னும் கற்பனை

சுமேரியம் மனிதகுலத்தின் அடிப்படை மொழி என்னும் புதினக் கருத்துக்கு வரலாற்றுச் சான்று இல்லை. கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் நடுவிலேயே அபு சலாபிக் களிமண்பலகைகளில் செமிட்டியப் பெயர் தாங்கிய எழுத்தர்கள் காணப்படுகின்றனர். சுமேரியமும் அக்காடியமும் நெடுங்காலம் அருகருகே வழங்கின. பேச்சுவழக்கில் சுமேரியம் ஒரே நாளில் மறையவில்லை, கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்தில் படிப்படியாக அருகியது என்பதே பலரும் ஏற்கும் கருத்து.

சுமேரியம் உறவுமொழி அறியப்படாத தனிமொழி, ஒட்டுநிலை அமைப்புடையது. இவ்வமைப்பை முன்னிட்டுப் பல மொழிக்குடும்பங்களோடு அதனை உறவுபடுத்தும் முயற்சிகள் எழுந்தன. இலங்கைத் தமிழறிஞர் ஆ. சதாசிவம் அதனைத் திராவிட மொழியாகக் காட்ட முற்பட்டதும் அவற்றுள் ஒன்று. ஒட்டுநிலை என்பது மொழியமைப்பு வகை; அஃது ஒன்றே இனவுறவுக்குச் சான்றாகாது. சுமேரியவியலில் இவ்வுறவுகள் எவையும் ஏற்புப் பெறவில்லை. தொன்மையான மொழியை எல்லாவற்றுக்கும் மூலமாகக் காணும் விருப்பம் புனைவாசிரியருக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது.

தொற்றும் கல்வியும்

இன்று கிடைக்கும் சுமேரிய இலக்கியப் படிகளுள் பெரும்பாலானவை பழைய பாபிலோனியக் காலத்தவை. 'எ-துப்பா' எனப்பட்ட பள்ளிகளில், அக்காடியம் பேசிய மாணவர்கள் சொற்பட்டியல்களை மனனஞ்செய்து, பாடல்களைக் களிமண்ணில் படியெடுத்துச் சுமேரியத்தைக் கற்றனர். என்கியின் மந்திரமொழி நமக்கு எட்டியதும் அவ்வழியிலேயே. புதினத்தில் மொழி விரும்பாதவர் உடலிலும் தானே புகும் நச்சுயிரி. வரலாற்றிலோ, பேசுவோர் அற்ற பின்னும் ஒரு மொழி முயன்று கற்போரால் தாங்கப்பட்டது.

மேலும் அதே கதைப்பாடல், தூதனால் நினைவிற்கொள்ள இயலாத நீண்ட செய்தியை என்மெர்கர் களிமண்ணில் பொறித்ததாகக் கூறி, எழுத்தின் தோற்றத்துக்கும் ஒரு கதை தருகிறது. வாய்மொழியின் எல்லையை எழுத்து கடந்தது என்பது இப்பாடலின் நினைவு. சொல்லின் மாய ஆற்றலை நாடிய புதினம் தன் கதைக்கு மையமாக்கியது மந்திரமொழியையே.

முடிவுரை

'மெ'யை நிரலாகக் காணும் வாசிப்பு தொழில்களுக்குப் பொருந்தி, பண்புகளுக்குப் பொருந்தாமற் போகிறது. 'நம்-ஷுப்' பற்றிய புதின விளக்கம் அறிஞர் கருத்து மாறுபடும் ஒரு பகுதியின் ஒரு வாசிப்பை உறுதியெனக் கொள்கிறது. சுமேரியத்தை மூலமொழியாக்குதல் பன்மொழிச் சூழல் பற்றிய சான்றுகளுக்கு முரணானது. இம்மாற்றங்கள் புனைவுக்கு உரிய உரிமை. அவற்றால் புதினத்தின் இலக்கியத் தகுதி குறையாது. ஆயின் ஆய்வு நடையில் கூறப்படும் புனைவை ஆய்வு முடிவாகக் கொள்ளாதிருத்தல் வாசகர் கடன். மொழியின் ஆற்றல் அதன் பழமையில் உறையும் மந்திரம் அன்று. அதனைக் கற்றுக் கைமாற்றுவோர் தொடர்ச்சியே என்பதனை நிப்பூர் மாணவர்களின் களிமண்பலகைகள் உணர்த்துகின்றன.