சிரட்டைக் கரியும் நொதியும்

திருவனந்தபுரம் நகரத்துக்கு வடக்கே கடினங்குளம் காயல் இருக்கிறது. கடலை ஒட்டிக் கிடக்கும் நீர்நிலையைக் காயல் என்பார்கள். இந்தக் காயல் கரையில் பல தலைமுறைகளாகக் கயிற்றுத் தொழில் நடந்தது. பக்கத்தில் உள்ள அஞ்சுதெங்குக் கயிறு வெளிநாடு வரை பேர் வாங்கியது.

கயிறு திரிக்கத் தும்பு வேண்டும். தும்பு தேங்காய் மட்டையில் இருக்கிறது. இந்த மட்டையைக் கதம்பை என்றும் சொல்வார்கள். பச்சை மட்டையைக் காயல் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். ஆறு மாதம், எட்டு மாதம், சில சமயம் பத்து மாதம் ஊறும். பிறகு வெளியே எடுத்து, தோலை உரித்து, தடியால் அடித்துத் தும்பைப் பிரிப்பார்கள். அடிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

மட்டை ஊற ஊறத் தண்ணீர் கறுக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தண்ணீரில் இறங்கும். பாக்கை மென்றால் வாய் துவர்க்கிறது அல்லவா? அதே வகைப் பொருள்தான். பீனால் வகைப் பொருள்கள் என்று விஞ்ஞானிகள் இவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் இவை மிகுந்து, பிராணவாயுவும் குறைந்துவிட்டால் மீன் தங்காது. கயிற்றுக்காரருக்குக் கூலி கிடைத்தது. மீன்காரருக்கு வலை காலியாக வந்தது. இரண்டு பேரும் ஒரே கரையில் குடியிருப்பவர்கள்.

இப்போது எந்திரத்தில் தும்பு எடுப்பது பெருகிவிட்டது. காயலில் ஊறப் போடுவது குறைந்திருக்கிறது. ஆனால் பீனால் கலந்த தண்ணீர் கயிற்றுத் தொழிலில் மட்டும் வருவதில்லை. காகித ஆலையிலும், தோல் பதனிடும் இடத்திலும், எண்ணெய் சுத்தம் செய்யும் ஆலையிலும் வருகிறது.

இந்தத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது? இதற்கும் தேங்காய் உதவும். மட்டை அல்ல, சிரட்டை.

கரி என்ன செய்யும்?

சிரட்டையைச் சில ஊர்களில் கொட்டாங்கச்சி என்பார்கள். அதைக் காற்று அதிகம் படாமல் சுட்டால் கரி கிடைக்கும். அந்தக் கரியை மிகுந்த சூட்டில் வைத்து, நீராவியைச் செலுத்திப் பக்குவம் செய்வார்கள். அப்போது கரி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டாகும். இதன் பெயர் ஆக்டிவேட்டட் கார்பன். வீட்டில் வைக்கும் பல குடிநீர் வடிகட்டிகளில் இதுதான் இருக்கிறது.

ஒரு கிராம் கரி ஒரு சிட்டிகைதான். அதன் ஓட்டைகளின் சுவரையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் வரும். அதாவது 25 சென்ட் நிலம்! அவ்வளவு இடத்திலும் அழுக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் கரி அழுக்கைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அழிக்காது. வீட்டைக் கூட்டிக் குப்பையைக் கதவு மூலையில் ஒதுக்கியது போல. ஓட்டைகள் நிரம்பிவிட்டால் அந்தக் கரியைத் திரும்பவும் சூடாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிப் போட வேண்டும்.

நொதி என்ன செய்யும்?

சோற்றை வெகு நேரம் மென்றால் இனிக்கும். எச்சிலில் உள்ள நொதி சோற்றின் மாவைச் சர்க்கரையாக மாற்றுவதால் இனிக்கிறது. முற்றிய கறியில் பப்பாளிக்காய்த் துண்டு போட்டால் கறி மெத்தென்று வேகும். அதுவும் நொதியின் வேலைதான். நொதியை ஆங்கிலத்தில் என்சைம் என்பார்கள். நொதிக்கு உயிர் கிடையாது. ஆனால் உயிருள்ளவைதான் அதை உண்டாக்குகின்றன. அது ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும். அந்த வேலையில் அது செலவாகிப் போவதில்லை. மறுபடியும் அடுத்த வேலைக்குப் போகும்.

காயலில் மட்டையை அழுக வைப்பதும் நொதிதான். நுண்ணுயிர்கள் அதைச் சுரக்கின்றன. தும்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசையை அது கரைக்கிறது.

பீனாலைக் கவனிக்க வேறு ஒரு நொதி உண்டு. அதன் பெயர் லாக்கேஸ். ஜப்பானில் மரச் சாமான்களுக்குப் பளபளப்புப் பூச ஒரு மரத்தின் பாலை எடுப்பார்கள். அந்தப் பாலில் இந்த நொதி இருப்பதை 1883-இல் யோஷிதா என்பவர் கண்டார். பட்டுப்போன மரத்தில் முளைக்கும் சில காளான்களிலும் இது நிறைய இருக்கிறது. பிராணவாயுவைத் துணைக்கு எடுத்துக்கொண்டு, லாக்கேஸ் பீனாலை ஒன்றோடு ஒன்று சேர்க்கும். சேரச் சேரப் பெரிதாகித் தண்ணீரில் கரையாமல் நிற்கும். அப்போது வடிகட்டிவிடலாம். பல சாயங்களின் நிறத்தையும் லாக்கேஸ் போக்கும்.

அப்படியானால் நொதியைக் கழிவு நீரில் கொட்டிவிட்டால் போதாதா? போதாது. தண்ணீரோடு நொதியும் ஓடிவிடும். நொதியின் விலையோ அதிகம். கடலில் கரைத்த பெருங்காயம் போல ஆகிவிடும்.

இரண்டையும் சேர்த்தால்?

1916-இல் அமெரிக்காவில் நெல்சன், கிரிஃபின் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். சர்க்கரையை உடைக்கும் ஒரு நொதியைக் கரியில் ஒட்ட வைத்தார்கள். ஒட்டிய பிறகும் அது சர்க்கரையை உடைத்தது! கட்டிப் போட்ட மாடும் பால் கறக்கும் என்பது போலத்தான் இது. ஆனாலும் நொதியைக் கட்டிப் போட்டு வேலை வாங்கலாம் என்பது அப்போது புதுச் செய்தி. பல பத்து ஆண்டுகள் கழித்துத்தான் ஆலைகள் இந்த வழியைக் கையில் எடுத்தன.

ஒட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நொதி கலந்த தண்ணீரில் கரியை ஊற வைப்பது. இது சுலபம், செலவும் குறைவு. ஆனால் நாளாக ஆக நொதி கழன்று போகும். இன்னொன்று, ஒரு ரசாயனத்தைக் கொண்டு நொதியைக் கரியோடு பிணைப்பது. இந்தப் பிடி கெட்டியானது. ஆனால் இறுக்கிக் கட்டுவதால் நொதியின் வேகம் கொஞ்சம் குறையலாம்.

நொதி ஒட்டிய கரியைக் குழாயில் நிரப்பி, அதன் வழியே கழிவு நீரை விடுவார்கள். கரி பீனாலைத் தன் பக்கம் இழுக்கும். பக்கத்திலேயே நொதி காத்திருக்கும். தண்ணீர் போகும், நொதி போகாது. அதே கரியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

பென்சில் முனையில் கிராபைட் இருக்கிறது. அதன் ஒற்றை ஏட்டுக்குக் கிராபீன் என்று பெயர். அதுவும் கரி இனம்தான். அதிலும் நொதியை ஒட்டிப் பார்க்கிறார்கள். நன்றாகவே ஒட்டுகிறது. ஆனால் காயல் கரைக்குக் கட்டுப்படியாகக் கூடியது சிரட்டைக் கரிதான்.

திருவனந்தபுரத்தில் பாப்பனங்கோட்டில் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்பு வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்று இருந்தது, 2007-இல் புதுப் பெயர் பெற்றது. நொதிகளைப் பற்றியும் கழிவு நீரைப் பற்றியும் அங்கே ஆய்வு நடக்கிறது. ஆனால் நொதி ஒட்டிய கரி இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கிறது. கடையில் வாங்கிக் காயலில் போடும் சரக்கு அல்ல.

எல்லா அழுக்கையும் இது போக்காது. கடுமையான அமிலத்தில் நொதி கெட்டுப்போகும். ஈயம் போன்ற உலோகத்தை நொதியால் அழிக்க முடியாது. திருப்பூரை எடுத்துக்கொள்வோம். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்ததால், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தக் கழிவில் சாயத்தோடு உப்பும் ஏராளம். சாயத்தை நொதி மாற்றலாம். உப்பு அப்படியே இருக்கும். நிறம் போய்விட்டதே என்று அந்தத் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்ச முடியுமா?

கரி சுடும் இடத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்தில் சிரட்டைக் கரித் தொட்டிகளால் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று மக்கள் போராடியிருக்கிறார்கள். சுட்ட கரியை அணைக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரிலும் பீனால் இருக்கும். அது மண்ணில் இறங்கும். தண்ணீர் ஊற்றாமல், காற்றுப் புகாதபடி மூடி வைத்தும் கரியை ஆற விடலாம். நேரம் அதிகம் ஆகும். ஆனால் மண்ணில் இறங்கக் கழிவு நீர் இருக்காது.