வெந்நீர்த் தொட்டி வாங்கும் முன்

சிம்லாவிலோ உதகையிலோ விடுதியில் தங்கி, வெதுவெதுப்பான நீர் சுழலும் தொட்டியில் அமர்ந்து திரும்பியவர்களுக்கு, அத்தகையதொன்று தம் இல்லத்திலும் இருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. பெருநகர மாடி வீடுகளிலும் இவ்வாசை இப்போது பரவி வருகிறது.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. 'ஜக்குஸி' என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். ஆனால் விற்பனையாளர் பலர் எல்லாவற்றையும் அப்பெயராலேயே குறிப்பர். குளியலறையில் அமைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வெளியேற்றும் சுழல்நீர்த் தொட்டி ஒரு வகை. நீரை வாரக்கணக்கில் தேக்கி, வடிகட்டி, கிருமிநீக்கி, சூடாகவே வைத்திருக்கும் 'ஹாட் டப்' வேறு வகை. விலைப்பட்டியலில் இருப்பது எது என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது எடை. இதைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர். இரண்டு மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட தொட்டியில் 1,200 லிட்டர் நீர் கொள்ளும் என வைத்துக்கொள்வோம். நீர் மட்டுமே 1,200 கிலோ. தொட்டியும் அமர்வோர் நால்வரும் சேர்ந்தால் ஏறத்தாழ 1,750 கிலோ. அதாவது சதுர மீட்டருக்கு 440 கிலோவுக்கு அருகில். மக்கள் ஏறிச் செல்லும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875) கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். கட்டுமானப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், அடுக்ககமாயின் குடியிருப்போர் சங்கத்தின் இசைவும் பெறாமல் முன்பணம் செலுத்த வேண்டாம்.

இந்நீரை 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குச் சூடேற்ற ஏறக்குறைய 18 யூனிட் மின்சாரம் தேவை. 3 கிலோவாட் சூடேற்றிக்கு ஆறு மணி நேரம் ஆகும். மலை நகரத்துக் குளிரில் 10 டிகிரியில் தொடங்கினால் 39 யூனிட் ஆகிவிடும். அதன்பின் வெப்பத்தைக் காப்பது மூடிதான். ஆகவே விளக்குகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் தரும் பணத்தைத் தடித்த, வெப்பம் கடத்தாத மூடிக்குத் தருவதே அறிவுடைமை. தனி மின்இணைப்பு, முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. நீரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டலாகாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இறங்க வேண்டும்.

கடன் பெற்று வாங்குவோர் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுண்டு. ஓர் எடுத்துக்காட்டு: 4 லட்சம் ரூபாயை 12 சதவீதத் தனிநபர் கடனாக 5 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் 8,898 ரூபாய்; மொத்த வட்டி ஏறத்தாழ 1.34 லட்சம். அதே தொகையை வீட்டுக் கடனுடன் கூடுதல் கடனாக, 9 சதவீதத்தில் 15 ஆண்டுகளுக்குப் பெற்றால் தவணை 4,057 ரூபாயாகக் குறையும், வட்டியோ 3.30 லட்சமாக உயரும். குறைந்த வட்டியில் கூடுதல் கடன் பெறுவோர், தவணைக் காலத்தையும் ஐந்தாண்டுகளாகவே அமைத்துத் தருமாறு கிளையில் கேட்கலாம்.