இருட்டின் முகவரி – 7: கிழங்கும் சோடாவும்

கொரியாவில் சீரியல் பார்ப்பவர்களிடையே இரண்டு வார்த்தைகள் புழங்குகின்றன. ஒன்று 'கொகுமா', அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இன்னொன்று 'சைடா', எலுமிச்சை வாசனை அடிக்கும் சோடா. கதையில் நல்லவன் அடிமேல் அடி வாங்க, கெட்டவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால், அவித்த கிழங்கைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கியது போல நெஞ்சை அடைக்கும். அது கொகுமா. கெட்டவன் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்து, பார்க்கிறவருக்கு ஏப்பம் வந்தால் அது சைடா. 'ரெண்டு வாரமா ஒரே கிழங்கு, சோடாவையே காணோம்' என்று அங்கே ரசிகர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். "இந்தக் கொரியாக்காரர்கள் ஏன் சார் இப்படி இருட்டாகவே எடுக்கிறார்கள்? நல்லவனைக் கொஞ்சம் ஜெயிக்கவிட்டால் என்ன குறைந்துவிடும்?" நியாயமான கேள்வி. ஜெயிக்கவிட்ட கதைகளும் அங்கே ஏராளம். இந்த வாரம் அவற்றையும் தொடுகிறேன். ஆனால் முதலில் கிழங்கு.

2003-இல் வந்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' போங் ஜூன்-ஹோவின் இரண்டாவது படம். 'பாரசைட்' வருவதற்குப் பதினாறு வருடம் முந்தையது. சியோலுக்குத் தெற்கே ஹ்வாசோங் என்று ஒரு வயல்காட்டுப் பகுதி. 1986 முதல் 1991 வரை அங்கே பத்துப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். 21,000 பேருக்கு மேல் விசாரித்தும் ஆள் அகப்படவில்லை. படம் எடுக்கும்போதும் அகப்பட்டிருக்கவில்லை. 'யார் கொன்றது?' என்பதற்குப் பதில் கிடையாது என்பது தியேட்டருக்கு வந்த ஒவ்வொரு கொரியருக்கும் தெரியும். அப்படியும் ஐம்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஆரம்பத்தில் ஒரு காட்சி. வயல் ஓரம் ஒரு பெண்ணின் உடல். உள்ளூர்த் துப்பறியும் அதிகாரி பார்க்காக வரும் சோங் காங்-ஹோ, பாதையில் பதிந்த ஒரே ஒரு காலடித் தடத்தைக் காப்பாற்றப் படாதபாடு படுகிறார். சின்னப் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறார்கள். பார்வையிட வந்தவர்கள் சரிவில் சறுக்கி விழுகிறார்கள். ஒரு விவசாயி டிராக்டரை நிதானமாக ஓட்டிவந்து அந்தத் தடத்தின்மேலேயே ஏற்றிக்கொண்டு போகிறார். கேமரா வெட்டாமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகுதான் அந்தப் பெண் இன்னும் அங்கேயே கிடக்கிறாள் என்று உறைக்கிறது.

தடயம் போனபின் மிச்சமிருப்பது அடிதடி. பார்க்கின் கூட்டாளி, சந்தேகப்பட்டவர்களை உதைப்பதற்கு முன் பூட்ஸுக்கு மேல் ஓர் உறையை மாட்டிக்கொள்கிறான். உடம்பில் அச்சு விழக்கூடாதாம்! புத்தி வளராத ஒரு வாலிபனைப் பிடித்துவந்து, நிலவறையில் வைத்து, அவன் செய்யாத கொலையைச் செய்ததாகச் சொல்லச் சொல்லிப் பாடம் நடத்துகிறார்கள். இடையில் சாப்பாட்டு வேளை வருகிறது. அடித்தவர்களும் அடிபட்டவனும் சேர்ந்து உட்கார்ந்து, கறுப்புக் குழம்பில் பிசைந்த நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே டிவியில் போலீஸ் சீரியல் பார்க்கிறார்கள். எல்லோரும் ரசிக்கிறார்கள். அவனும்தான். இந்தப் படத்தை நாலைந்து முறை பார்த்துவிட்டேன். உதைக்கிற காட்சிகளைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. இந்தச் சாப்பாட்டைத்தான் முடியவில்லை. உண்மையில் அவன் கொலையைக் கண்ணால் கண்ட சாட்சி. அது இவர்கள் மண்டையில் ஏறிக் கேட்க வரும்போது அவன் மிரண்டு ஓடி ரயிலில் அடிபட்டுச் சாகிறான்.

ராணுவத்திலிருந்து வந்த சுன் டூ-ஹ்வான் ஆண்ட காலம் அது. மழை பெய்து, வானொலியில் ஒரு குறிப்பிட்ட பாட்டு ஒலித்தால் அன்றிரவு கொலை விழும் என்று போலீஸ் கண்டுபிடித்துவிடுகிறது. அப்படி ஓர் இரவில் மேலதிகாரி போன் போட்டு இரண்டு கம்பெனி படை அனுப்பச் சொல்கிறார். படை இல்லை, எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டார்கள் என்று பதில் வருகிறது. இன்னொரு நாள் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை. வீடுகளில் விளக்கை அணைக்கிறார்கள்; கடைகளில் ஷட்டர் இறங்குகிறது. அந்த இருட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண் போகிறாள். கொலைகாரனுக்கு வேண்டிய இருட்டை அரசாங்கமே செய்து கொடுக்கிறது. போங் இதை வசனமாகச் சொல்வதில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

இப்படியொரு படத்தை அந்தக் காலத்திலேயே எடுத்திருக்க முடியாது. 1987-இல் தெருவில் இறங்கிய மக்கள் ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கினார்கள். படங்களை முன்கூட்டியே பார்த்து வெட்டும் தணிக்கை செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது 1996-இல். அடுத்த வருடமே பொருளாதாரம் சரிந்து, ஐ.எம்.எஃப். கடன் வந்து, வேலைகள் கொத்துக்கொத்தாகப் போயின. சொல்ல நிறைய இருந்தது, சொல்லவும் விட்டார்கள். போங் கல்லூரியில் சமூகவியல் படித்தவர். லீ சாங்-டோங் பள்ளி ஆசிரியராக இருந்து, நாவல் எழுதி, கலாச்சார அமைச்சராகவும் ஆகி, அதன்பின் வந்து 'சீக்ரெட் சன்ஷைன்' எடுத்தவர். சுதந்திரமும் நிரந்தரமாக வந்துவிடவில்லை. பார்க் குன்-ஹே ஆட்சியில் அரசின் கறுப்புப் பட்டியலில் போங்கின் பெயரும் சோங் காங்-ஹோவின் பெயரும் இருந்தன.

அடுத்த படம் 2011-இல் வந்த 'சைலன்ஸ்ட்'. கொரியப் பெயர் 'தொகானி'. பொன் உருக்கும் மூசை என்று பொருள். இயக்கியவர் ஹ்வாங் டோங்-ஹ்யுக். பத்து வருடம் கழித்து 'ஸ்க்விட் கேம்' எடுத்த அதே ஆள்.

க்வாங்ஜூ நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இன்ஹ்வா பள்ளி இருந்தது. 2000-இலிருந்து சில வருடங்கள் அங்கே பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். செய்தவர்களில் முதல்வரும் உண்டு, பள்ளி நிர்வாகியும் உண்டு. உள்ளே வேலை பார்த்த ஒருவர் 2005-இல் வெளியே சொன்னார். வழக்கு நடந்தது, முதல்வருக்கு மேல்முறையீட்டில் கிடைத்தது நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை. வீட்டுக்குப் போய்விட்டார். தீர்ப்பு நாளில், சைகை மொழியில் அது புரிந்த கணத்தில், காது கேளாதவர்கள் எழுப்பிய ஓலம் கோர்ட்டை நிறைத்தது என்று ஒரு பத்திரிகைச் செய்தி சொன்னது. அதைப் படித்துத்தான் கோங் ஜி-யோங் நாவல் எழுத உட்கார்ந்தார். ராணுவ சேவையில் இருந்தபோது அந்த நாவலைப் படித்த நடிகர் கோங் யூ, இதைப் படமாக்கியே ஆகவேண்டும் என்று கிளம்பினார். ஒரு செய்தி வரி, ஒரு நாவல், ஒரு படம்.

படத்தில் ஊருக்கு மூஜின் என்று பெயர். எப்போதும் மூடுபனி. புதிதாக வேலைக்கு வரும் ஓவிய ஆசிரியரிடம் முதல் நாளே 'பள்ளி வளர்ச்சி நிதி' கேட்கிறார்கள். ஐந்து கோடி வோன். கேட்கிறவர் முகத்தில் கூச்சமே இல்லை. பிள்ளைகளுக்கு நடப்பது தெரிந்து ஆசிரியரும் அவருக்குத் துணை நிற்கும் பெண்ணும் புகாரோடு அலைகிறார்கள். கல்வி அலுவலகத்தில், 'பள்ளி நேரம் முடிந்து நடந்தது. விடுதி நகராட்சியைச் சேர்ந்தது' என்கிறார்கள். நகராட்சியில், 'பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது. கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்' என்கிறார்கள். யாரும் எரிந்து விழுவதில்லை. ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டு மரியாதையாகவே சொல்கிறார்கள். அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்கக் கிழங்கு தொண்டையில் இறங்குகிறது.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், நேற்றுவரை நீதிபதியாக இருந்தவர். ஓய்வுபெற்று வந்தவரின் முதல் வழக்கை அவர் ஜெயிக்கும்படி பார்த்துக்கொள்வது நீதித்துறை காட்டும் மரியாதையாம். 'ஜொன்க்வான் யேயு' என்று அதற்குப் பெயரே உண்டு. பிறகு சமரசப் பத்திரம் வருகிறது. பிள்ளையின் ஏழைப் பாட்டியிடம் பணத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். வில்லனை வெறுப்பது சுலபம். அந்தப் பாட்டியை என்ன செய்வது? படம் அவளைக் குற்றவாளியாக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

சினிமாவாக இதில் எனக்குக் குறைகள் உண்டு. பின்னணி இசை நம்மை அழவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் படும் கொடுமையைக் காட்டும்போது கேமரா தேவைக்கு மேல் நெருங்கிப் போகிறது. கதவு மூடுவதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழோடு வந்த அந்தப் படத்தை 46 லட்சம் பேர் பார்த்தார்கள். செப்டம்பரில் ரிலீஸ். அக்டோபர் முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மீதும் மாற்றுத்திறனாளிகள் மீதும் நடக்கும் பாலியல் குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்றானது. மக்கள் அதை 'தொகானி சட்டம்' என்றே சொன்னார்கள். பள்ளி மூடப்பட்டது. தப்பித்திருந்த நிர்வாகியை மறுபடி கூண்டில் ஏற்றி 2012-இல் 12 ஆண்டுச் சிறை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் அது 8 ஆனது.

சோடா குடித்திருந்தால் இது நடந்திருக்குமா? ஹ்வாங் கடைசி ரீலில் முதல்வரைப் பழிவாங்கிக் காட்டியிருந்தால், ஜனங்கள் நிம்மதியாக ஏப்பம் விட்டுப் பாப்கார்ன் டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இதை நிரூபிக்க என்னிடம் வழியில்லை.

சோடாவை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. 'டாக்ஸி டிரைவர்' என்ற சீரியலில் பழிவாங்கித் தருவதற்கே ஒரு டாக்ஸி கம்பெனி. வாரத்துக்கு ஓர் அநியாயம், அதற்கு ஓர் உதை. பார்க்க ஜாலியாக இருக்கும். மறுநாள் ஞாபகம் இருக்காது. 'தி குளோரி' அப்படியல்ல. சோங் ஹ்யே-க்யோ நடித்த அந்தத் தொடரில், சக மாணவர்கள் முடி சுருட்டும் சூடான கருவியால் ஒரு பெண்ணின் உடம்பெல்லாம் சுடுகிறார்கள். அதைவிட எனக்கு நெஞ்சில் நிற்பது வகுப்பு ஆசிரியர் அவளை அறையும் இடமும், பெற்ற தாயே பணம் வாங்கிக்கொண்டு பள்ளி விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடமும். அந்த ஒன்றிரண்டு எபிசோடுகள் அசல் கிழங்கு. பிறகு பதினெட்டு வருடம் திட்டமிட்டு அவள் ஒவ்வொருவராக வீழ்த்துவது உயர்ரகச் சோடா. தொடர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், 2023 பிப்ரவரியில், தேசியப் போலீஸ் விசாரணைப் பிரிவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவரின் மகன் பள்ளியில் சக மாணவனைக் கொடுமைப்படுத்திய கதை வெளியே வந்தது. பொறுப்பேற்கும் முன்பே விலகினார். மார்ச்சில் இன்னொன்று: தொடரை இயக்கிய ஆன் கில்-ஹோவே மாணவப் பருவத்தில் வன்முறை செய்தவர் என்று புகார் வந்து, முதலில் மறுத்தவர், ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இதை ஒரு சீரியலில் எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

ஹ்வாசோங்குக்குத் திரும்புவோம். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' முடியும்போது கதையில் வருடம் 2003. போலீஸ் வேலையை விட்டுவிட்ட பார்க், விற்பனைப் பிரதிநிதியாகக் காரில் போகும் வழியில் அதே வயலோரம் இறங்கி, முதல் உடல் கிடந்த கால்வாய்க்குள் குனிந்து பார்க்கிறார். அங்கே வரும் ஒரு சிறுமி, கொஞ்ச நாள் முன்பு வேறொரு ஆளும் இப்படித்தான் குனிந்து பார்த்தார் என்கிறாள். ஆள் எப்படி இருந்தான் என்றால், சாதாரணமாக, எல்லோரையும் போலத்தான் இருந்தார் என்கிறாள். பார்க் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறார். படம் முடிகிறது. கொலைகாரன் இந்தப் படத்தைப் பார்க்க வருவான், அவன் கண்ணை நேருக்கு நேர் பார்க்கவேண்டும் என்று நினைத்தே அப்படி முடித்ததாகப் போங் சொல்லியிருக்கிறார்.

வழக்கின் காலவரம்பு 2006-இல் முடிந்துபோனது. 2019 செப்டம்பரில், பழைய தடயங்களை மறுபடி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பியதில் ஒரு பெயர் வந்தது: லீ சுன்-ஜே. மைத்துனியைக் கொன்ற குற்றத்துக்காக அவன் 1994-இலிருந்தே சிறையில் இருந்தான். ஹ்வாசோங் போலீஸ் அந்நாளிலேயே அவனை விசாரித்திருக்கிறது. ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டது. பதினான்கு கொலைகளை அவன் ஒப்புக்கொண்டான். அதில் எட்டாவது கொலையும் அடக்கம். பதின்மூன்று வயதுச் சிறுமி, 1988.

அந்த எட்டாவது கொலையைத் துப்புத்துலக்கிவிட்டதாகப் போலீஸ் அப்போதே அறிவித்திருந்தது. விவசாய இயந்திரம் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்த, போலியோவில் கால் ஊனமான, 22 வயது வாலிபர் ஒருவர் கைதானார். தூங்கவிடாமல் அடித்து வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். இருபது வருடம் உள்ளே இருந்தார். 2020 டிசம்பரில் சுவோன் நீதிமன்றம் அவர் நிரபராதி என்று தீர்ப்புச் சொன்னபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. படத்தில் வரும் நிலவறையும் உதையும் மிகைப்படுத்தல் என்று அதன்பின் யாரும் சொல்லியிருக்க முடியாது.

அந்த மறுவிசாரணைக்கு நவம்பரில் சாட்சியாக வந்தவன் லீ சுன்-ஜே. படத்தைச் சிறையில் பார்த்ததாகச் சொன்னான். ஒரு சினிமாவாகத்தான் பார்த்தானாம், ஒன்றும் தோன்றவில்லையாம்.

(தொடரும்)