மதுரையில் எங்கே சாப்பிடலாம்? போர்டைப் பார்க்காதீர்கள்; மணியைப் பாருங்கள்!

மதுரையில் ஓட்டல்களுக்குப் பஞ்சம் இல்லை. ரெயில் நிலையத்தை விட்டு வெளியே காலை வைத்தால் எதிரே டவுன்ஹால் ரோடு. இரண்டு பக்கமும் ஓட்டல்கள். மேலமாசி வீதி, சிம்மக்கல், கீழவாசல், விளக்குத்தூண், மாட்டுத்தாவணி என்று எங்கே திரும்பினாலும் தோசைக்கல் சத்தம் கேட்கும். சால்னா வாசனை மூக்கைத் துளைக்கும்.

ஆனால் சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிற எல்லோரும் சந்தோஷமாக வருவதில்லை. "பேரைக் கேட்டு வந்தோம். ஆறிப் போன வடையைத் தலையில கட்டிட்டாங்க" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அதே ஓட்டலில் முதல் நாள் சாப்பிட்டவரைக் கேட்டால் "அமிர்தம்!" என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். ஓட்டல் ஒன்றுதான். போன நேரம்தான் வேறு!

எந்த ஓட்டல் என்று கேட்பதற்கு முன்னால் மணி என்ன என்று பார்க்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். வெளியூர்க்காரர்களும், மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகிறவர்களும்தான் ஏமாந்து போகிறார்கள்.

பலகாரத்துக்கு நேரம் உண்டு

காலை 7 மணியில் இருந்து 9 மணி வரை இட்லி, பொங்கல், வடை. அடுப்பில் ஈடு இறங்க இறங்க இலைக்கு வந்துவிடும். 10½ மணிக்குப் போய்ப் பொங்கல் கேட்டால் அடிப்பாத்திரத்தில் இறுகிக் கிடப்பதுதான் வரும். அந்த நேரத்தில் தோசைதான் உத்தமம். கேட்ட பிறகுதான் கல்லில் ஊற்றுவார்கள்.

பிரியாணி பகல் சரக்கு. 12 மணி வாக்கில் தம் உடைப்பார்கள். 2 மணிக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. பகலில் மிஞ்சிய பிரியாணி சாயந்திரம் 6 மணிக்கு இலைக்கு வந்தால் அதில் பழைய ருசியைத் தேட முடியாது.

பரோட்டா சாயந்திரச் சரக்கு. பொழுது சாயும்போது கல் சூடேறும். கறிதோசை ராத்திரிச் சரக்கு. தோசை மாவை ஊற்றி, அதன் மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி மசாலா போட்டுத் திருப்பி எடுப்பது மதுரைக் கறிதோசை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுட வேண்டும். காத்திருந்து சாப்பிட்டால்தான் அது கறிதோசை. கேட்ட அடுத்த நிமிடமே வந்தால் சந்தேகப்படலாம்!

கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தருகிற பருத்திப்பாலுக்குக் காலையும் சாயந்திரமும். பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டாவுக்கு வெயில் நேரம். ராத்திரி 10 மணிக்கு மேல் திரும்பவும் இட்லி. தூங்கா நகரத்தில் அந்த நேரத்திலும் ஆவி பறக்கும் இட்லிக்கு நாலு விதச் சட்னியோடு ஆள் காத்திருக்கிறது.

வயிற்றுக்கும் நல்லது

இது ருசி விஷயம் மட்டும் இல்லை. வயிற்று விஷயமும்கூட.

சூடாகப் பரிமாறும் உணவை 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதற்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடக்கும் உணவில் கிருமிகள் மளமளவென்று பெருகும்.

வடித்த சோறு வெளியே பல மணி நேரம் கிடந்தால் அதில் ஒரு வகைக் கிருமி வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினால் கிருமி சாகலாம். அது கக்கிய விஷம் சாகாது! சாயந்திரம் மிஞ்சிய சோற்றை 'பிரைடு ரைஸ்' என்று கிளறிக் கொடுத்தால் வாந்தி வருவது இதனால்தான்.

எனவே கூட்டம் உள்ள ஓட்டலுக்குப் போ என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கூட்டம் இருந்தால் பண்டம் தேங்காது. ஆனால் வாசலில் நிற்கும் கார்களை எண்ணிக் கூட்டத்தை அளக்க வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர், ஆட்டோ டிரைவர், ஆபீஸ் பியூன் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். தினமும் சாப்பிடுகிறவர் ஒரு நாள் வயிறு கெட்டாலும் மறுநாள் வர மாட்டார்.

நாள், கிழமை பார்க்க வேண்டும்

அசைவத்துக்கு நேரம் மட்டும் பார்த்தால் போதாது. கிழமையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். செவ்வாய், வெள்ளியில் பல வீடுகளில் கவுச்சி கிடையாது. அமாவாசையும் அப்படித்தான். புரட்டாசி மாதம் முழுக்க அசைவ ஓட்டல்களில் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்த நாளில் பத்து வகைக் கறி இருக்கிறது என்று சொல்லும் ஓட்டலைவிட, "இன்னைக்குச் சுக்காவும் ஆம்லெட்டும் மட்டும்தாண்ணே" என்று சொல்லும் ஓட்டல் மேல்.

கார்த்திகை, மார்கழியில் நிலைமை தலைகீழ். அய்யப்ப பக்தர்கள் வருகையால் சைவ ஓட்டல்களில் இடம் கிடைக்காது.

மீனாட்சி அம்மன் கோவில் நடை பகல் 12½ மணிக்குச் சாத்துகிறார்கள். தரிசனம் முடிந்த கூட்டம் ஒரே சமயத்தில் ஓட்டல்களுக்குள் பாயும். அந்த நேரத்தில் சர்வருக்குத் தலை சுற்றும். சாம்பாரில் தண்ணீர் கூடும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் வருகிறவர்கள் 12 மணிக்கு முன்பே முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரே பெயர், பல முதலாளிகள்

போர்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். தமிழ்நாடு முழுக்க 'முனியாண்டி விலாஸ்' என்று போர்டு பார்க்கலாம். ஒரே முதலாளியின் கிளைகள் அல்ல அவை. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் வடக்கம்பட்டி என்ற ஊர். அந்த ஊர் முனியாண்டி சாமியை வணங்குகிறவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சாமி பெயரில் ஆரம்பித்த ஓட்டல்கள். வருஷா வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு ஓட்டல்காரர்கள் கூடி, பிரியாணி பிரசாதம் வழங்குகிறார்கள்.

சாமி ஒன்றுதான். சமையல்காரர் வேறு வேறு! ஓர் ஊரில் ருசித்தது இன்னோர் ஊரிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்தால் தப்பு ஓட்டல்காரர் மேல் இல்லை.

'ஒரிஜினல்', 'பழைய', 'பேமஸ்' என்ற வார்த்தைகளும் அப்படித்தான். பெயிண்டருக்குக் காசு கொடுத்தால் யாரும் எழுதிக்கொள்ளலாம்.

சர்வரிடம் என்ன கேட்பது?

"என்ன இருக்கு?" என்று கேட்டால் சர்வர் மூச்சு விடாமல் இருபது பெயரை ஒப்பிப்பார். அதில் காலையில் செய்ததும் இருக்கும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்.

"அண்ணே, இப்போ அடுப்புல என்ன போய்க்கிட்டிருக்கு?"

"பொங்கல் முடியப் போகுதுண்ணே. ஊத்தப்பம் போடச் சொல்றேன், சூடா சாப்பிடுங்க."

இப்படி உண்மையைச் சொல்லும் சர்வர் இருக்கும் ஓட்டலை விடாதீர்கள்.

புது ஓட்டலில் முதலிலேயே பத்து அயிட்டத்துக்கு ஆர்டர் கொடுக்கவும் வேண்டாம். ஒரு பிளேட் இட்லி போதும். தேங்காய்ச் சட்னி லேசாகப் புளித்திருந்தால் அரைத்து வெகு நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். கை கழுவிவிட்டு எழுந்துவிடலாம்.

தட்டு வருது, ஜாக்கிரதை!

மதுரை அசைவ மெஸ்களில் ஒரு பழக்கம் உண்டு. சோறு வைத்ததும் சர்வர் பெரிய தட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். சுக்கா, ஈரல், கோலா உருண்டை, இறால், காடை என்று கிண்ணம் கிண்ணமாக இருக்கும். "என்ன வைக்கட்டும்?" என்பார். குழந்தை ஒன்றைக் காட்டும், மாமா ஒன்றைக் காட்டுவார். சாப்பாட்டு விலையை மனதில் வைத்து வந்தவருக்குப் பில்லைப் பார்த்ததும் வியர்க்கும்.

கறிக்குழம்பும் மீன்குழம்பும் சாப்பாட்டோடு சேர்த்தி. தட்டில் வருவது தனிக் கணக்கு. கிண்ணத்தை எடுப்பதற்கு முன்னால் விலையைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்பதையும் உட்காரும்போதே கேட்டுவிட வேண்டும்.

அயிரை மீன் குழம்பு என்றால் மதுரைக்காரர்களுக்கு உயிர். விலையும் அதிகம். அயிரையை உயிரோடு வாங்கி, வயிற்றில் உள்ள மண்ணைக் கக்க வைத்து, உரசிக் கழுவ வேண்டும். வாயில் மண் நறநறவென்றால் வேலையில் அவசரம் நடந்திருக்கிறது. அந்த ஓட்டலுக்கு மறுபடி அயிரைக்காகப் போக வேண்டாம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

1. எண்ணெய்: சட்டியில் கறுத்துக் குழம்பாகி, நுரைத்துப் புகைந்தால் அந்த வடையும் வேண்டாம், பஜ்ஜியும் வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெய்க்கு 2018 ஜூலை முதல் சட்டப்படியே வரம்பு உண்டு.

2. நிறம்: சிக்கன் ரத்தச் சிவப்பாக இருந்து, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும் விரலில் சாயம் நின்றால் அது மிளகாய்த்தூளின் வேலை இல்லை.

3. மயோனைஸ்: பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓர் ஆண்டுக்குத் தடை போட்டது. தடை இருக்கிறதோ இல்லையோ, வெயிலில் திறந்து கிடக்கும் வெள்ளைக் குழம்பைத் தொடாமல் இருப்பது நல்லது.

4. பொட்டலம்: அச்சடித்த பேப்பரில் சூடான வடையை வைத்துக் கொடுத்தால் மை எண்ணெயில் இறங்கும். இலையில் கேளுங்கள்.

5. கை கழுவும் இடம்: சமையல்கட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. கை கழுவும் இடத்தைப் பார்க்கலாம். அங்கே ஈ மொய்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பில்லைப் படியுங்கள்

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைப் பில்லில் போட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்.

சாதாரண ஓட்டல்களில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம்தான். 'காம்பொசிஷன்' திட்டத்தில் பதிவு செய்த சிறு ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேட்கலாம்.

'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. சர்வருக்கு அன்போடு கொடுக்கும் டிப்ஸ் வேறு. பில்லில் ஏற்றி வசூலிப்பது வேறு.

ஊரைத் தாண்டினால்...

மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோ மீட்டரில் விருதுநகர். அங்கே எண்ணெயில் பொரித்த பரோட்டா பிரபலம். சாயந்திரம் போய்ச் சேருகிற மாதிரிக் கிளம்ப வேண்டும். பொரித்துப் போட்ட சூட்டில்தான் அது மொறுமொறுவென்று இருக்கும். அரை மணி நேரம் கழித்தால் தோல்!

வடக்கே சுமார் 65 கிலோ மீட்டரில் திண்டுக்கல். சீரகச் சம்பா அரிசிப் பிரியாணிக்குப் பெயர் போன ஊர். நாகசாமி நாயுடு 1957-ல் ஆரம்பித்த ஓட்டல்தான் பிறகு அவர் கட்டிய தலைப்பாகையால் 'தலப்பாகட்டி' ஆனது. காலையில் கிளம்பினால் பகல் பந்திக்குச் சரியாக இருக்கும்.

அழகர்கோவிலுக்குப் போகிறவர்கள் தோசைப் பிரசாதத்தை விட வேண்டாம். மணி பார்க்க வேண்டியதில்லாத பலகாரம் அது ஒன்றுதான். தடிமனான அந்தத் தோசை ஆறினாலும் ருசிக்கும்.

ராத்திரி பஸ்சில் வெளியூர் போகிறவர்கள் மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ சாப்பிட்டுவிட்டே ஏறுவது நல்லது. நெடுஞ்சாலையில் பஸ் எந்த மோட்டலில் நிற்கும் என்பது பயணி கையில் இல்லை. நடு ராத்திரி அங்கே பசித்தால் குருமா, சாம்பார் பக்கம் போகாமல், கண் முன்னால் ஊற்றித் தரும் தோசை, ஆம்லெட், உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம் இவற்றோடு நிறுத்திக்கொண்டால் வண்டி ஊர் போய்ச் சேரும்வரை நிம்மதி.

கெட்டதைப் போட்டால்?

சாப்பாடு கெட்டிருந்தால் கல்லாவில் சத்தம் போட்டுவிட்டுப் போவதோடு விட வேண்டாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். பில்லையும் தேதி, நேரத்தையும் குறித்துப் புகார் கொடுக்கலாம். பில்லில் வம்பு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓட்டலுக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாடு பெரிய விஷயம். அப்பா பர்சைத் திறக்கும்போது பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். மறுநாள் காலை டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் வாங்கி நிற்கக் கூடாது.

அடுத்த தடவை வீட்டை விட்டுக் கிளம்பும்போது "எந்த ஓட்டல்?" என்று கேட்பதற்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது!